திண்ணைப் பேச்சு: காப்பி சாப்பிட்ட கதை



போன இதழில் மழைக்காலச் சளியைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு சகோதரி கடிதம் போட்டிருக்கிறார். சளியைப் பற்றி இரண்டே வரி. மீதி முழுவதும் மகனைப் பற்றி. "மூன்றாவது படிக்கிறான். ஏ, பி, சி, டி கடகடவென்று ஒப்பிக்கிறான். ஆனால் ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டும் என்று இங்கிலீஷில் கேட்கத் தெரியவில்லை. நானும் பத்தாவதோடு நின்றவள். எப்படிச் சொல்லிக் கொடுப்பது?" என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி, உங்கள் வீட்டில் அடுப்பு இருக்கிறதல்லவா? அஞ்சறைப் பெட்டி, அரிசித் தவலை, நாலு டம்ளர் இருக்கிறதல்லவா? அது போதும். பாடப் புத்தகம் அங்கேயே இருக்கிறது.

நான் ஒன்றும் இங்கிலீஷ் பண்டிதை இல்லை. ப்ளஸ் டூவோடு சரி. அதிலும் எனக்கு நடந்த கூத்தைக் கேளுங்கள். ஒன்பதாவது படிக்கும்போது, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று வகுப்பில் ஒவ்வொருவராக எழுப்பி இங்கிலீஷில் கேட்டார்கள். என் முறை வந்தது. வீட்டில் "காப்பி சாப்பிட்டியா?" என்றுதானே கேட்போம்? நானும் தைரியமாக எழுந்து, "ஐ ஏட் காப்பி" என்றேன். வகுப்பே கொல்லென்று சிரித்தது. கேட்டவரும் சேர்ந்து சிரித்தார். "கடிச்சு சாப்பிட்டியா, மென்னு சாப்பிட்டியா?" என்று மேற்கொண்டு ஒரு கேள்வி வேறு!

அன்றைக்கு மூடிய வாய்தான். பரீட்சையில் எழுதினேனே ஒழிய, அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் ஒரு வார்த்தை இங்கிலீஷில் பேசவில்லை. சிதம்பரத்தில் யாராவது வெளியூர்க்காரர்கள் கோயிலுக்கு வழி கேட்டால்கூடக் கையைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

அப்புறம் கொரோனா வந்தது. பள்ளிக்கூடங்கள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. பிள்ளைகள் படித்ததை எல்லாம் மறந்துபோனார்கள். 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 'இல்லம் தேடிக் கல்வி' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அந்தந்த ஊர்க்காரர்களே சாயங்கால வேளையில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லித் தர வேண்டும். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை சொல்லித்தர ப்ளஸ் டூ தேறியிருந்தால் போதும் என்றார்கள். "நீ வீட்டில சும்மாதானே இருக்கே" என்று எங்கள் வீட்டுக்காரர்தான் பெயரைக் கொடுக்கச் சொன்னார். (சும்மா இருக்கிறேனாம்! அதைப் பற்றி இன்னொரு இதழில் எழுதுகிறேன்.)

எங்கள் குமராட்சி, சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் போகும் பாதையில் இருக்கிறது. தெற்கே கொள்ளிடம், மேற்கே போனால் வீராணம் ஏரி, சுற்றிலும் நெல் வயல். என் திண்ணைக்கு வந்த பிள்ளைகளில் பாதிப் பேரின் அம்மாமார் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்கள். திட்டத்தின் வேலை முடிந்த பிறகும் பிள்ளைகள் வருவது நிற்கவில்லை. நானும் விடவில்லை.

முதலில் சிதம்பரத்தில் ஒரு படம் வாங்கி வந்து சுவரில் மாட்டினேன். 'ஃபுட் அண்ட் டிரிங்க்ஸ்' என்று கொட்டை எழுத்து. பர்கர், பீட்சா, சாண்ட்விச், ஸ்ட்ராபெர்ரி என்று வரிசை. ஒரு பையன் பர்கரைக் காட்டி, "இது என்னாத்த, பன்னுக்குள்ள வடையா?" என்றான். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. படத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய் முறத்தையும் இரண்டு தட்டையும் எடுத்து வந்தேன். அன்றிலிருந்துதான் பாடம் நடக்க ஆரம்பித்தது.

எத்தனை? எவ்வளவு?

ஒரு தட்டில் வெங்காயம், கத்தரிக்காய், வாழைப்பழம், முட்டை. இன்னொரு தட்டில் அரிசி, உப்பு, சர்க்கரை; பக்கத்தில் பாலும் தண்ணீரும். "எதையெல்லாம் எண்ணலாம்? எதையெல்லாம் அளக்கணும்?" என்று கேட்டேன். இதற்குப் படிப்பா வேண்டும்? பிள்ளைகள் டக்கென்று பிரித்துவிட்டார்கள்.

எண்ணக்கூடியதற்கு நாம் "எத்தனை முட்டை?" என்கிறோம், அங்கே "ஹௌ மெனி". அளக்கிறதற்கு "எவ்வளவு பால்?" என்கிறோம், அங்கே "ஹௌ மச்". பெரிய இலக்கணம் என்று பயந்து கிடந்தேனே, அது நம் வாயில் ஏற்கெனவே இருக்கிறது, பாருங்கள்! யாராவது "எத்தனை பால் வேணும்?" என்று கேட்பார்களா? அதேபோலத்தான் "ஹௌ மெனி மில்க்" என்றும் வராது.

அளக்கிற சாமானை எண்ண வேண்டுமானால் ஏதாவது ஒரு பாத்திரத்தில் ஊற்றியாக வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீர், "எ கிளாஸ் ஆஃப் வாட்டர்". ஒரு கப் டீ, "எ கப் ஆஃப் டீ". ஒரு சிட்டிகை உப்பு, "எ பின்ச் ஆஃப் சால்ட்". ஒரு கைப்பிடி கடலை, "எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் நட்ஸ்". கையால் கிள்ளிக் காட்டி, அள்ளிக் காட்டிச் சொன்னால் ஐந்து வயதுக் குழந்தைக்கும் மறக்காது. கூடவே ஒரு "ப்ளீஸ்" சேர்த்துவிட்டால், கடிதம் எழுதிய சகோதரியின் மகன் தண்ணீர் கேட்டுவிடுவான்!

அரிசி வாத்தியார்கள்

அரிசிப் பாடத்தில் பிள்ளைகள்தான் எனக்கு வாத்தியார். நமக்கு நெல் வேறு, அரிசி வேறு, சோறு வேறு. இங்கிலீஷ்காரருக்கு அரிசியும் 'ரைஸ்', சோறும் 'ரைஸ்'. நெல்லுக்கு மட்டும் 'பேடி' என்று ஒரு பெயர்; அதுவும் மலாய் மொழியிலிருந்து வாங்கியது. 'பேடி' என்றதும் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். திட்டுகிற மாதிரி இருக்கிறதாம்! பொரிக்கு 'பஃப்ட் ரைஸ்', அவலுக்கு 'ஃபிளாட்டன்ட் ரைஸ்', நொய்க்கு 'புரோக்கன் ரைஸ்', தவிட்டுக்கு 'பிரான்', உமிக்கு 'ஹஸ்க்'. "பழையதுக்கு என்னாத்த?" என்றாள் ஒருத்தி. ஒற்றை வார்த்தை கிடையாது. ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்த சோறு என்று விளக்கித்தான் சொல்ல வேண்டும் என்றேன். "அப்போ அவுங்களுக்குப் பழையது தெரியாதா? பாவம்!" என்றாள்.

காய்கறிக்கு வந்தால் ஒரே காய்க்கு ஊருக்கு ஒரு பெயர். கத்தரிக்காய் நம் நாட்டு இங்கிலீஷில் 'பிரிஞ்சால்', இங்கிலாந்தில் 'ஓபர்ஜீன்', அமெரிக்காவில் 'எக் பிளான்ட்'. வெண்டைக்காய் இங்கே 'லேடீஸ் ஃபிங்கர்', அமெரிக்காவில் 'ஓக்ரா'. 'டிரம்ஸ்டிக்' என்று அங்கே போய்க் கேட்டால் முருங்கைக்காய்க்குப் பதில் கோழிக்கால் வரும்! நம் சிதம்பரம் கொத்சுக்கு என்ன பெயர் என்று கேட்டால், கொத்சு கொத்சுதான். இட்லி, தோசை, சாம்பார் எல்லாம் அப்படியே இங்கிலீஷ் அகராதியில் ஏறி உட்கார்ந்துவிட்டனவே.

'ஹாட்' என்ற வார்த்தையில் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும். சூட்டுக்கும் அதுதான், காரத்துக்கும் அதுதான். காரத்துக்கு 'ஸ்பைசி' என்று பழக்கிவிட்டால் வம்பில்லை.

அப்புறம் என் பழைய காப்பி விவகாரம். தமிழில் காப்பியையும் சாப்பிடலாம், மருந்தையும் சாப்பிடலாம். இங்கிலீஷில் காப்பிக்கு 'டிரிங்க்', சோற்றுக்கு 'ஈட்', மருந்துக்கு 'டேக்'. எது என்று குழப்பமாக இருந்தால் சாப்பாட்டுக்கும் பானத்துக்கும் சேர்த்து 'ஹேவ்' என்று ஒன்று இருக்கிறது. "ஐ வில் ஹேவ் காப்பி" என்றால் ஒருவரும் சிரிக்க முடியாது. இது எனக்கு ஒன்பதாவதில் தெரிந்திருக்கக் கூடாதா!

புகுந்த வீடு போன வார்த்தைகள்

பிள்ளைகளின் பயம் தெளிய நான் சொல்கிற கதை ஒன்று உண்டு. நம் வீட்டு வார்த்தைகள் சில கப்பலேறிப் புகுந்த வீடு போய்விட்டன. போன இடத்தில் பெயர் கொஞ்சம் மாறிவிட்டது. நம் கறிதான் அவர்களுடைய 'கறி'. மிளகுத் தண்ணீர்தான் 'மல்லிகடானி' என்ற சூப். கஞ்சிதான் 'காஞ்ஜி'. மாங்காய் போர்ச்சுகீசியர் வாயில் 'மாங்கா' ஆகி, அங்கிருந்து இங்கிலீஷில் 'மாங்கோ' ஆயிற்று. நம் சர்க்கரையும் அவர்களுடைய 'சுக'ரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். இரண்டுக்கும் மூலம் வடமொழி 'சர்க்கரா'. அது அரபு தேசம் சுற்றிக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தது.

வந்த மருமகள்களும் உண்டு. அன்னாசி போர்ச்சுகீசியர் கொண்டுவந்த பெயர். மிளகாய்ச் செடியே அமெரிக்காவிலிருந்து அவர்கள் மூலமாக இங்கே வந்ததுதான். அதற்கு முன்பு நம் முப்பாட்டிமார் காரத்துக்கு மிளகைத்தான் நம்பினார்கள். மிளகு போலக் காரமான காய் என்பதால் 'மிளகாய்'!

இதைச் சொன்ன அன்றைக்கு, வாயே திறக்காத ஒரு பையன் வீட்டுக்குப் போய், "ஆயா, நீ இங்கிலீஷ் பேசுற! கஞ்சி இங்கிலீஷு!" என்றானாம். அந்த ஆயா மறுநாள் என்னிடம் வந்து, "என்னா சொல்லிக் குடுத்த அவனுக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பாக்கெட்டைப் படியுங்கள்

பிள்ளைகள் படித்தது அம்மாமாருக்கும் உதவியது. ஒரு தாயார், கோதுமை பிஸ்கட் சத்து என்று சொல்லித் தினமும் ஒரு பாக்கெட் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் பெண், நாலாவது படிப்பவள், பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தாள். முதல் பெயர் 'ரிஃபைன்ட் வீட் ஃபிளவர்'. 'வீட்' என்றால் கோதுமை என்பது சரிதான். ஆனால் 'ரிஃபைன்ட்' என்று முன்னால் வந்துவிட்டால் அது மைதா. அடுத்த பெயர் 'சுகர்'.

உணவுப் பாக்கெட்டில் சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசையாகப் போட வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். ஆகவே சர்க்கரை இரண்டாவதாக இருந்தால் மைதாவுக்கு அடுத்தபடி அதுதான் அதிகம் என்று அர்த்தம். அந்தத் தாயார் மறுநாளிலிருந்து வேர்க்கடலை வேகவைத்துக் கொடுக்கிறார். 'யூஸ் பை' என்ற இரண்டு சொல்லையும் பிள்ளைக்குக் காட்டி வையுங்கள். எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது அது. கடைக்குப் போகும்போது அந்தத் தேதியைப் படிக்கும் வேலையைப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள். பெருமையாகச் செய்யும்.

நான் செய்த தப்பு

இதுவரை என் சாமர்த்தியத்தைச் சொன்னேன். இனிமேல் சொல்லப் போவதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

2022இல், தினமும் பாடம் தொடங்கும்போது ஒரு கேள்வி வைத்திருந்தேன். "வாட் டிட் யூ ஈட் லாஸ்ட் நைட்?" நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டாய்? ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். மூன்றாவது படித்த ஒரு சிறுமி எல்லோரையும்விடச் சுத்தமாகச் சொல்வாள். "ஐ ஏட் இட்லி, சட்னி அண்ட் சாம்பார்." ஒரு தடவைகூடத் தடுமாறியது இல்லை. மற்றப் பிள்ளைகளிடம் அவளைக் காட்டி, "இவளை மாதிரிச் சொல்லணும்" என்பேன்.

ஐப்பசி அடைமழை. வயலெல்லாம் தண்ணீர். பல நாளாக யாருக்கும் வேலை கிடையாது. அன்றைக்கும் அவள் எழுந்து இட்லி, சட்னி, சாம்பார் என்றாள். பக்கத்தில் அவளுடைய தம்பி, ஒன்றாவது படிக்கிறவன், உட்கார்ந்திருந்தான். "அக்கா பொய் சொல்லுது. நேத்து நாங்க ஒண்ணும் திங்கலியே, வரத்தண்ணி குடிச்சிட்டு படுத்துட்டோமே" என்றான்.

ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. அந்தச் சிறுமி தலையைக் குனிந்தவள் நிமிரவே இல்லை. எனக்குக் கை கால் ஓடவில்லை. ஏதோ சொல்லிப் பாடத்தை மாற்றினேன்.

மறுநாள் அவளுடைய அம்மா வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "அக்கா, புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க. வீட்டு விஷயத்தை வெளியில சொல்லக் கூடாதுன்னு நான்தான் சொல்லி வச்சேன். யாரு கேட்டாலும் இட்லின்னு சொல்லுடீன்னு சொன்னேன்" என்றார். வாசற்படியிலேயே நின்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. என்னைப் பார்த்து வகுப்பு சிரித்ததை இருபது வருஷம் மனதில் வைத்திருந்தேனே, நான் செய்தது என்ன? தினமும் ஒரு குழந்தையை எழுப்பி நிறுத்திப் பொய் சொல்ல வைத்திருக்கிறேன். அதுவும் சுத்தமான இங்கிலீஷில்! அவள் நன்றாகச் சொல்கிறாள் என்று பாராட்டு வேறு!

மறுநாளே அந்தக் கேள்வியை எடுத்துவிட்டேன். இப்போது கேட்பது "வாட் டூ யூ லைக்?" உனக்கு என்ன பிடிக்கும்? இதற்கு யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம். வீட்டில் அடுப்பு எரிந்ததா இல்லையா என்று அதில் தெரியாது.

இன்னொன்றும் செய்தேன். வாரத்தில் இரண்டு நாள் பாடமே சுண்டல் என்று வைத்தேன். முதல் நாள் ராத்திரி ஊறவைத்த கொண்டைக்கடலையை, "சோக்" பண்ணினோம், "பாயில்" பண்ணினோம், தேங்காயைத் துருவினால் "கிரேட்", கடுகு தாளிப்பதற்கு "டெம்பர்" என்று செய்துகொண்டே சொல்லித் தருவேன். முடிந்ததும் எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு கிண்ணம், "எ பௌல் ஆஃப் சுண்டல்". பாடம் என்பதால் எல்லோரும் சாப்பிட்டாக வேண்டும். இவளுக்கு மட்டும் என்று கொடுத்திருந்தால் அவள் வாங்கியிருக்க மாட்டாள். "இங்கிலீஷ் பாடத்துக்குக் கடலை எதுக்கு?" என்று எங்கள் வீட்டுக்காரர் முணுமுணுத்தார். காரணத்தைச் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. அடுத்த சந்தைக்கு அவரே மூன்று கிலோ வாங்கி வந்து வைத்தார்.

ஒரு திண்ணைச் சுண்டல் ஊர்ப்பசியைத் தீர்க்காது என்பது எனக்கும் தெரியும். நம் மாநிலத்தில் 1956இல் காமராஜர் மதிய உணவைக் கொண்டுவந்ததும், 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கியதும் அதற்காகத்தானே? காலைச் சிற்றுண்டித் திட்டம் 2022 செப்டம்பர் 15ஆம் தேதி மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25ஆம் தேதி முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்று. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் காலையில் சீக்கிரமாக ஓட ஆரம்பித்தார்கள். எனக்கும் புதுப் பாடம் கிடைத்தது: ரவைக்கு 'செமோலினா', சேமியாவுக்கு 'வெர்மிசெல்லி'.

அந்தச் சிறுமி இட்லிப் பாட்டை நிறுத்தி மாதக்கணக்கில் ஆகியிருந்தது. கேட்டால் ஒழியப் பேச மாட்டாள். அந்த ஆவணியில் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், நான் கேட்காமலேயே எழுந்து நின்றாள்.

"அத்த, டுடே மார்னிங் ஐ ஏட் உப்புமா."

"வெரி குட்" என்றேன்.

"ஐ டோன்ட் லைக் உப்புமா" என்றாள், முகத்தைச் சுளித்துக்கொண்டு.

திண்ணையே சிரித்தது, அவளும் சேர்ந்து சிரித்தாள். எனக்குத்தான் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் இங்கிலீஷில் சொன்ன முதல் உண்மை அது.

கடிதம் எழுதிய சகோதரிக்கு ஒரு வார்த்தை. இன்று ராத்திரி இட்லிக்கு மாவு கரைக்கும்போது மகனைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒரு சாமானை அவன் கையில் கொடுத்துப் பெயரைச் சொல்லுங்கள். நாளுக்கு மூன்று பெயர் போதும். தப்பாகச் சொன்னால் சரியானதை நீங்கள் ஒரு தடவை சொல்லிவிட்டு மேலே போங்கள். சிரிக்க மட்டும் வேண்டாம். உங்களுக்கே ஒரு பெயர் தெரியாவிட்டால், "எனக்கும் தெரியாதுடா, நாளைக்கு டீச்சரைக் கேட்டுக்கிட்டு வந்து எனக்குச் சொல்லு" என்று சொல்லிவிடுங்கள். அம்மாவுக்குப் பாடம் சொல்ல எந்தப் பிள்ளைக்குத்தான் ஆசை இருக்காது?

உங்கள் வீட்டில் காப்பி சாப்பிட்ட கதை ஏதாவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில், வீட்டில் 'சும்மா' இருப்பதைப் பற்றிப் பேசுவோம்!